மூன்று முறை சொன்ன விலாசம்

மைக் அக்காவுக்கு மைக் தேவையில்லை, அதனால்தான் அந்தப் பெயர். லிஃப்ட் பழுது பார்க்கும் ஒரு சின்னக் கம்பெனியில் பதினாறு வருடமாகப் புகார் போனை எடுப்பவள் அவள். எங்காவது ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால், உள்ளே இருப்பவர் முதலில் எல்லாப் பட்டனையும் அழுத்திப் பார்ப்பார். அப்புறம் கடவுளைக் கூப்பிடுவார். அதுவும் பலிக்காவிட்டால் சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து அக்காவைக் கூப்பிடுவார். கடவுளைவிட அக்கா சீக்கிரம் எடுப்பாள் என்று மெக்கானிக்குகள் கிண்டல் செய்வார்கள்.

அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் கூப்பிட்டாலும் அவர் சொல்லும் விலாசத்தை வாங்கி, உரக்கத் திருப்பிச் சொல்வாள். ஒரு தடவை சொன்னால் போதாது, மூன்று தடவை சொல்லவேண்டும். "பன்னெண்டாம் தெரு, நாப்பத்தேழு, பின்பக்க லிஃப்ட்! சரிதானே? பன்னெண்டாம் தெரு..." மாட்டிக்கொண்டவருக்குத் தைரியம் வரட்டும் என்றுதான் அப்படிச் செய்வதாக அவளே நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த ஆபீஸ் அறையில் நடந்தது வேறு.

அவள் முதல் தடவை சொல்லும்போது எதிர் மேசையில் இருக்கும் கட்டம் நிமிர்ந்து பார்ப்பான். எந்த மெக்கானிக் எந்த நேரத்தில் எங்கே இருக்கிறான் என்று பெரிய தாளில் கட்டம் கட்டமாகப் போட்டு வைத்திருப்பவன்; அதனால் அவன் பெயரே கட்டம் ஆகிவிட்டது. இரண்டாவது தடவைக்குள் அவன் விரல் சரியான கட்டத்தில் போய் நின்றிருக்கும். மூன்றாவது தடவை சொல்லி முடிப்பதற்குள் அந்த மெக்கானிக்கின் போன் அடித்துக்கொண்டிருக்கும். அக்கா ரிசீவரை வைக்கும்போது, ஆளை அனுப்பியாச்சு என்று கட்டம் கையை ஆட்டுவான். ஒரு துண்டுச் சீட்டுகூடக் கை மாறாது. இப்படித்தான் வேலை நடக்கிறது என்று யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. வீட்டில் பால் பொங்கினால் பக்கத்தில் இருப்பவர் அடுப்பை அணைக்கிறார், அதற்கெல்லாம் கூட்டம் போட்டா பேசுகிறோம்?

போன வருடம் கம்பெனிக்குக் கஷ்டகாலம். இரண்டு பெரிய கட்டடங்களின் ஒப்பந்தம் கைவிட்டுப் போனது. முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட, எங்கே எதைக் குறைக்கலாம் என்று பார்க்கும் பொறுப்பு மேனேஜரிடம் வந்தது. மேனேஜர் வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும், சூட்டிகையான பெண். அறையின் கோடியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்காருவார். அக்காவின் சத்தம் தாங்காமல் கதவைச் சாத்தியே வைத்திருப்பார்.

அவர் மீது பழி சொல்வதற்கில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டார். வாடகை, கரண்ட், தண்ணீர், பெருக்கித் துடைக்கும் செலவு, மாதம் ஒருமுறை தவறாமல் படுத்துக்கொள்ளும் பிரிண்டர் என்று ஒன்று விடாமல் எழுதினார். அப்புறம் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"நாலு பேரை அனுப்பணும், இல்லேன்னா இந்த இடத்தை விடணும். நான் இடத்தை விட்டுடலாம்னு இருக்கேன். எல்லாரும் வீட்டுல இருந்தே வேலை பாருங்க. சம்பளத்துல ஒரு பைசா குறையாது."

எல்லோரும் கை தட்டினார்கள். அக்காதான் எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினாள். ஒருத்தர் வயிற்றிலும் அடிக்காமல் கம்பெனியைக் காப்பாற்றுகிறவரை வேறென்ன செய்வது? கட்டத்துக்கும் சந்தோஷம்தான். மகளோடு மத்தியானம் உட்கார்ந்து சாப்பிடலாம், பஸ்ஸில் தொங்க வேண்டாம்.

ஆளுக்கு ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள். ஆபீஸ் இருந்தது மூன்றாவது மாடி. லிஃப்ட் கம்பெனி இருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது! ஆளாளுக்கு நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு படி இறங்கினார்கள். கீழே கடைக்காரர் பார்த்துவிட்டு, "என்ன, ஜப்தியா?" என்று கேட்டார்.

அக்காவின் வீடு இரண்டே அறை, ஒரு சமையலறை. அவளுடைய வீட்டுக்காரர் பேக்கரியில் அடுப்பு பார்ப்பவர், இரவு வேலை. காலையில் ஏழு மணிக்கு மாவும் புகையுமாக வந்து, குளித்து, எட்டு மணிக்குப் படுத்தால் மூன்று மணிக்குத்தான் எழுந்திருப்பார். படுக்கும் அறைக்குக் கதவு கிடையாது, ஒரு திரைதான். பிள்ளைகள் இல்லாத வீடு என்பதால் கதவின் அவசியம் இத்தனை வருடமாக யாருக்கும் தோன்றவில்லை.

வேறு வழியில்லாமல் சமையலறைதான் ஆபீஸ் ஆனது. அடுப்புக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் நடுவில் மேடையில் கம்ப்யூட்டர். தண்ணீர் தெறிக்காமல் இருக்க அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் உறை. ஆபீஸிலிருந்து கொண்டுவந்த நாற்காலி அந்த இடுக்கில் நுழையாததால் முன்னறையில் துணி காயப்போட உதவியது. அக்காவுக்கு ஒரு முக்காலி. போன் வந்தால் எடுத்து, விலாசத்தைக் கேட்டு, கம்ப்யூட்டரில் படிவத்தை நிரப்பி ஒரு பட்டனைத் தட்ட வேண்டும். அது கட்டத்தின் வீட்டுக்குப் போய் டிங் என்று சத்தம் போடும். அவ்வளவுதான் வேலை, சின்னக் குழந்தைகூடச் செய்துவிடும்.

ஆனால் மெதுவாகப் பேச வேண்டும். அதுதான் அக்காவைக் கொன்றது. பதினாறு வருடம் முழங்கிய தொண்டையை மடக்கி, கையால் வாயைப் பொத்திக்கொண்டு, காதும் காதும் வைத்த மாதிரி விலாசம் கேட்டாள். ஐந்தாவது மாடியில் மாட்டிக்கொண்ட ஒருவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஏம்மா, நீங்களும் எங்கயாவது மாட்டிக்கிட்டீங்களா?" என்றார்.

மூன்று மணிக்கு வீட்டுக்காரர் எழுந்ததும் அதைச் சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

"உங்களுக்குத் தொந்தரவா இருக்குங்களா?"

"சே சே. படுத்தா எனக்கு இடி விழுந்தாலும் தெரியாது. நீ பாட்டுக்கு வேலையைப் பாரு."

நல்ல மனிதர். அந்த மாதத்தில் இரண்டு தடவை பேக்கரியில் ரொட்டித் தட்டு கருகியது. அடுப்பு சரியில்லை என்று சொன்னார், அக்காவும் நம்பினாள்.

கம்பெனி மூச்சு விட ஆரம்பித்தது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மிச்சம் பிடிக்கும் ருசி கண்டால் கை சும்மா இருக்காது. ஒரு திங்கட்கிழமை, வாராவாரம் கம்ப்யூட்டர் திரையில் எல்லோரும் முகம் காட்டும் கூட்டத்தில், மேனேஜர் ஒரு குரலைப் போட்டுக் காட்டினார். புகார் போனைத் தானாகவே எடுக்கும் ரெக்கார்டு குரல். தேனில் குழைத்த மாதிரி ஒரு பெண், 'நீங்கள் லிஃப்டில் மாட்டியிருந்தால் எண் ஒன்றை அழுத்தவும்' என்றாள்.

"மேடம், எல்லாப் பட்டனையும் அழுத்திப் பாத்துட்டுதானே அவங்க நமக்கே போன் பண்றாங்க?" என்றாள் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள், மேனேஜரும்தான். "இன்னும் முடிவு பண்ணலக்கா. மூணு மாசம் பாப்போம்" என்றார். அன்றே அக்கா காலண்டரில் மூன்று மாதத்தை எண்ணிக் குறித்து வைத்தாள். ஐம்பத்திரண்டு வயதில் குரலை மட்டும் வைத்துக்கொண்டு வேறு எங்கே போய் நிற்பாள்? அன்றிலிருந்து ஒரு போன் தவறவிடாமல், ஒரு படிவம் தப்பாமல், கண்ணும் கருத்துமாக இருந்தாள்.

இரண்டு மாதம் அப்படியே போனது. அப்புறம் வீட்டுக்காரர் ஊரில் தன் மூத்த சகோதரி வீட்டில் கூரை ஒழுகுகிறதென்று பேக்கரியில் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டுப் போனார். வீடு காலி. காலையிலேயே அக்கா பாத்திரத்தை டமார் டமாரென்று வைத்தாள், ஆசை தீர. பதினொன்று பத்துக்குப் போன் வந்தது.

"லிஃப்ட் நின்னுடுச்சும்மா. நான் ஒருத்திதான் இருக்கேன்." வயதான பெண் குரல்.

"பயப்படாதீங்க! விலாசம் சொல்லுங்க!"

எத்தனை நாள் கழித்து வந்த குரல் அது! பழைய முழக்கம், ஜன்னல் கம்பி அதிர்ந்தது. "ஒம்பதாம் தெரு, முப்பத்தொண்ணு, பக்கவாட்டு லிஃப்ட்!" ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவை இன்னும் உரக்க. "ஆள் வருவாங்க, தைரியமா இருங்க!" போனை வைத்தாள். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள்.

பதினொன்று ஐம்பதுக்கு மறுபடி போன். அதே குரல், இப்போது சிறுத்துப் போயிருந்தது.

"அம்மா, ஆள் வருதுன்னு சொன்னீங்களே?"

அக்கா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். படிவம் வெறுமையாக இருந்தது. விலாசத்தை மூன்று தடவை முழங்கியிருக்கிறாள். பதினாறு வருடமாக அவளுக்கு முழங்குவதுதான் வேலை, முழங்கினால் வேலை முடிந்தது. இங்கே கேட்டுக்கொண்டிருந்தது அடுப்பும் தண்ணீர்க் குழாயும்தான். ஈரக் கையோடு படிவத்தைத் தட்டி அனுப்பினாள். பக்கத்தில் இருந்த மெக்கானிக் வேறு வேலைக்குப் போயிருந்தான், இன்னொருவன் வந்து சேர முப்பத்தைந்து நிமிடமாகும் என்று கட்டம் பதில் அனுப்பினான்.

அவள் பொய் சொல்லியிருக்கலாம், டிராஃபிக் மேல் பழியைப் போட்டிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை.

"தப்பு என்னோடதுங்க. நான் ஆளுக்குத் தகவலே அனுப்பல. மறந்துட்டேன். இப்பதான் அனுப்பினேன்."

அந்த அம்மாள் சொன்னார்: "நான் முப்பது வருஷம் கணக்கு டீச்சரா இருந்தவ. தப்பை ஒத்துக்கிட்ட பிள்ளையை நான் அடிச்சதே இல்ல. ஆனா தண்டனை உண்டு. ஆள் வர்ற வரைக்கும் நீங்க போனை வைக்கக்கூடாது."

அக்கா வைக்கவில்லை. முப்பத்தைந்து நிமிடமும் இரண்டு பேரும் பேசினார்கள். மூட்டு வலி, மாடி வீட்டுக்காரர்கள், காய்கறி விலை. நடுவில் ஒருமுறை டீச்சருக்கு மூச்சு இரைத்தது. அக்கா ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னாள். டீச்சர் ஏழாம் வாய்ப்பாடு சொன்னார். கதவைத் திறக்கும் சத்தம் போனில் கேட்டதும் அக்கா முக்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

டீச்சர் புகார் கொடுக்கவில்லை. கட்டடத்து ஆபீஸ் கொடுத்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஒரு வயதானவர் உள்ளே இருந்தார் என்று முதலாளிக்கே கடிதம். அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேனேஜர் நேராகக் கேட்டார்.

"என்னக்கா ஆச்சு?"

"நான் சத்தமா சொன்னேன் மேடம். மூணு தடவை."

"யார்கிட்ட?"

அக்கா சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். "யார்கிட்டயும் இல்ல மேடம்."

திரையில் கட்டம் என்னவோ படபடவென்று பேசுவது தெரிந்தது, கையை வேறு ஆட்டினான். ஆனால் அவனுடைய ஒலியை அவன் அணைத்து வைத்திருந்தான். திறந்து பேச ஆரம்பிப்பதற்குள் மேனேஜர், "நாளைக்கு உங்க வீட்டுக்கு வரேன்கா. நேர்ல பேசிக்கலாம்" என்று கூட்டத்தை முடித்துவிட்டார்.

நேரில் பேசுவது என்றால் என்னவென்று அக்காவுக்குத் தெரியாதா? கூப்பிட்டு உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டுச் சொல்லும் விஷயம் அது. சாத்துவதற்கு இப்போது ஆபீஸும் இல்லை, கதவும் இல்லை. அதனால் வீடு தேடி வருகிறார்கள்.

மறுநாள் பதினொரு மணிக்கு மேனேஜர் வந்தார். வீட்டுக்காரர் ஊரிலிருந்து திரும்பி, இரவு வேலைக்கும் போய்விட்டு வந்து திரைக்குப் பின்னால் படுத்திருந்தார். வாசலிலேயே அக்கா உதட்டில் விரலை வைத்து, "தூங்கறார் மேடம்" என்றாள். மேனேஜர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

சமையலறையில் இருந்த ஒரே முக்காலியில் அவரை உட்காரவைத்து, அக்கா தொட்டியில் சாய்ந்து நின்றாள். மேனேஜர் சுற்றிப் பார்த்தார். பிளாஸ்டிக் உறை போட்ட கம்ப்யூட்டர், அதன் பக்கத்தில் கவிழ்த்து வைத்த பாத்திரங்கள், தலைக்கு நேரே எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய காற்றாடி.

"நீங்க எங்கக்கா உக்காந்து வேலை பாக்கறீங்க?" என்று கிசுகிசுத்தார்.

"இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, அங்கதான்."

மேனேஜர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பிரித்தார். தொண்டையைச் செருமக்கூடப் பயந்து, எச்சிலை விழுங்கினார். "அக்கா, அந்த ரெக்கார்டு குரல் விஷயமா..."

போன் அடித்தது.

அக்கா பாய்ந்து எடுத்தாள். அவளுடைய கடைசிப் போன் இதுவாக இருந்தாலும் இருக்கும், அதற்காக உள்ளே மாட்டியவரைக் காக்கவைக்க முடியுமா? மூச்சு வாங்கும் ஒரு ஆண் குரல். அக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். "ஏழாம் தெரு, இருபத்திரண்டு, முன்பக்க லிஃப்ட். சரிதானுங்களே?"

மேனேஜர் தாளை மேடையில் வைத்தார்.

"ஏழாம் தெரு, இருபத்திரண்டு..."

மேனேஜரின் கை பைக்குள் போய்த் தன் போனை எடுத்தது.

"முன்பக்க லிஃப்ட். பயப்படாதீங்க" என்று அக்கா மூன்றாவது தடவை சொல்லி முடித்து, படிவத்தைத் தட்டக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள்.

"அனுப்பிட்டேன்" என்றார் மேனேஜர். "கட்டத்துக்குப் போட்டுட்டேன். ஆள் அடுத்த தெருவுலதான் இருக்காராம்."

சொல்லிவிட்டுத் தன் கையையே பார்த்தார். யாரும் அவரிடம் அனுப்பச் சொல்லவில்லை. அவரும் அனுப்பலாமா என்று யோசிக்கவில்லை. இரண்டு வருடம் கண்ணாடிக்குப் பின்னால் கதவைச் சாத்திக்கொண்டு எந்தச் சத்தத்தைத் தொல்லை என்று நினைத்தாரோ, அதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது அன்றுதான் முதல் தடவை.

"யார்கிட்டயும் இல்லன்னு சொன்னீங்களே அக்கா..." என்று ஆரம்பித்தார். அதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து வீட்டுக்காரரின் குரல் வந்தது.

"அந்த வீட்டுக் கேட்டுல ஒரு நாய் இருக்கு. போன மாசம் மெக்கானிக்கைத் துரத்துச்சுன்னு போன்ல பேசினியே, அதே வீடு. சொல்லி அனுப்பு."

மேனேஜர் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார். பிறகு அக்கா போய்த் திரையை விலக்கினாள். அவர் தலையணையைக் காது மேல் போட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடி மல்லாந்து கிடந்தார்.

"நீங்க தூங்கலையா?"

"தூங்கறேன், தூங்கறேன்."

"எத்தனை நாளா இப்படி?"

"நீ வீட்டுக்கு வந்ததுலேர்ந்து." கண்ணைத் திறக்காமலே சொன்னார். "சத்தமா பேசினாக்கூடத் தூங்கிடலாம். நீ குசுகுசுன்னு பேசறதைத்தான் உத்துக் கேக்க வேண்டியிருக்கு. யாரோ மாட்டிக்கிட்டாங்கன்னு தெரியுது. ஆள் போனாங்களா, வெளிய வந்தாங்களான்னு நீ சொல்றதே இல்ல. அது தெரியாம எப்படித் தூக்கம் வரும்?"

கருகிய ரொட்டித் தட்டுகள் எந்த அடுப்பில் கருகின என்று அப்போதுதான் விளங்கியது. ஏழு மாதமாக ஒரு மனிதனின் தூக்கத்தைத் தின்றுகொண்டு, அவர் நன்றாகத் தூங்குகிறார் என்று வேறு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாளே. அவர் காலருகில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

மேனேஜர் நாயைப் பற்றிக் கட்டத்துக்குச் செய்தி அனுப்பினார். பிறகு கொண்டுவந்த தாளைத் திருப்பிப் போட்டு, வெறும் பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். அக்கா திரும்பி வந்தபோது அவர் தலை நிமிரவில்லை.

"இந்தப் பக்கம் ஒரு சின்ன அறைக்கு என்ன வாடகை இருக்கும்கா? நீங்க, கட்டம், ரெண்டு பேரும் உக்கார்ற மாதிரி. கதவு இருக்கணும்."

"மேடம், அப்ப அந்த ரெக்கார்டு..."

"அது வேண்டாம். முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்." பேனாவை மூடினார். "மிச்சம் கொஞ்சம் குறையும். குறையட்டும். இதை நான் கணக்குலயே சேக்கல."

மேனேஜரின் போன் மினுங்கியது. கட்டத்திடமிருந்து செய்தி. லிஃப்டில் இருந்தவர் வெளியே வந்துவிட்டார், நாய் யாரையும் கடிக்கவில்லை. மேனேஜர் அதைக் காட்டியதும் அக்கா படுக்கும் அறைத் திரையைப் பார்த்துத் திரும்பி, வாயைப் பொத்தாமல், ஜன்னல் கம்பி அதிர, "வெளிய வந்துட்டாராம்ங்க!" என்றாள்.

பதில் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் கேட்டது.